பொட்டலில் பதினான்கு வெட்டுக்கிளிகள்

புதுவயல்,
12 ஜனவரி 2025

அன்பு மகள் ஷாஜியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், தேதி போட்டுத் தாளில் எழுதினால்தான் ஆராய்ச்சிக்கு உதவும் என்று சொல்லிவிட்டாய். சரி. இருபத்தெட்டு வருடமாக ட்ராக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, பேனாவைப் பிடித்தால் ரோட்டை விட்டு இறங்கி வயலுக்குள் போகிறது. மூன்று தாளைக் கிழித்தாயிற்று. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நிக்காஹ் பேசி ஒரு வருசம் கெடந்தோம். எனக்கு ஒரு வரி எழுதுனீகளா? இப்ப வெட்டுக்கிளிக்கு நாலு பக்கமா?" என்கிறாள்.

இத்துடன் ஆறு வெட்டுக்கிளிகள். நீ சொன்னபடி ஒரு நாள் ஃப்ரீஸரில் வைத்து, பிறகு ஒவ்வொன்றையும் முக்கோணமாக மடித்த தாளுக்குள் போட்டிருக்கிறேன். மீனுக்குப் பக்கத்தில் வைத்ததற்காக வாங்கிய திட்டை எழுத இங்கே இடம் போதாது. ஒவ்வொரு தாளின் மேலும் இடம், தேதி, நேரம், பெயர் நான்கையும் எழுதிவிட்டேன். பெயர் என்றால் வெட்டுக்கிளியின் பெயரா, பிடித்தவன் பெயரா என்று ஒரு குழப்பம். அதன் பெயர் தெரிந்திருந்தால் உனக்கு எதற்கு அனுப்பப் போகிறேன்? அதனால் என் பெயரையே போட்டேன்.

இடம், பள்ளத்தூர் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊசிப்புல் பொட்டல். மில்லில் உமி ஏற்ற வரிசை நீளமாக இருந்தால் வண்டியை அங்கே நிறுத்தித்தான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பேன். எழுந்திருக்கும்போது கைலி முழுக்க ஊசி குத்தியிருக்கும்.

ஆள் விரல் நீளம்கூட இல்லை. ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. பச்சை நிறம், கண்ணில் இருந்து பின்னங்கால் வரை ரோஸ் கலரில் ஒரு கோடு. இறக்கை இல்லவே இல்லை. குஞ்சு போலிருக்கிறது, வளரட்டும் என்று விட்டுவிடத்தான் பார்த்தேன். அப்போது பெரிசு ஒன்று தன் பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு போனது. ஒரு மணி நேரம் பார்த்தேன், இறக்கிவிடவே இல்லை. பூச்சிக்கு இருக்கிற தாய்ப்பாசத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதையும் ஆராய்ச்சியில் எழுதிக்கொள்.

உன் அத்தா,
ஜெய்னுலாபுதீன்


பெங்களூரு,
26 ஜனவரி 2025

அன்புள்ள அத்தா, வ அலைக்கும் ஸலாம்.

ஆறும் கால் ஒடியாமல் வந்து சேர்ந்தன. உங்கள் கடிதத்தை எங்கள் கைடு சௌபர்ணிகா மேடத்துக்குப் படித்துக் காட்டினேன். தாய்ப்பாசம் வந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். முதுகில் இருந்தது பிள்ளை இல்லை அத்தா. ஆண். இந்த வகையில் ஆண் சின்னதாகத்தான் இருக்கும், மணிக்கணக்கில் இறங்கவும் இறங்காது. இதற்கு மேல் விளக்கமாக எழுத மாட்டேன். அம்மா படிப்பார்கள்.

ஆனால் நீங்கள் பார்த்தது சாதாரண விஷயம் இல்லை. ஜோடி சேர்ந்தால் அது முழு வளர்ச்சி அடைந்தது என்று அர்த்தம். இறக்கை முளைக்கிற வகையாக இருந்தால், கடைசித் தோல் உரிப்பதற்கு முன் முதுகில் இரண்டு மொட்டாவது தெரிய வேண்டும். இதில் அதுவும் இல்லை. ஆக, இது குஞ்சு இல்லை, வாழ்நாள் முழுக்க இறக்கையே இல்லாத வகை. முன்னங்கால்களுக்கு நடுவே, தொண்டைக்குக் கீழே சின்ன முளை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆர்தாக்ரிஸ் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. அதில் எந்த இனம் என்பதை ஆணின் வால் நுனியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துத்தான் சொல்ல முடியும். பார்த்தோம். எங்களிடம் இருக்கும் எதனோடும் பொருந்தவில்லை. புதிய இனம் என்று சொல்லவில்லை. தெரியவில்லை என்று சொல்கிறேன். எங்கள் வேலையில் அதிகமாக எழுத வேண்டிய வார்த்தை அதுதான்.

இறக்கை இல்லாததால் அது எங்கும் போகாது. பொட்டல்தான் அதற்கு உலகம். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து வந்து, பனைமரத்தில் இருந்து மேற்கு எல்லைக் கல் வரை ஒரே பாதையில் நடந்து எண்ண வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் 0 போடுங்கள், காலியாக விடக் கூடாது. பூஜ்யமும் எண்ணிக்கைதான். உயிரோடு பிடித்ததை வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் சுற்றுவட்டாரத்தில் தேடப் போகிறேன், அங்கே இருந்தால் அது தானாக இருந்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. நிலம் நம்முடையது இல்லை. கட்டுரை வெளியாகி, வனத்துறையிடம் பேசி முடிக்கும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம். சலூனில்கூட. முக்கியமாகச் சலூனில்.

ஷாஜியா


புதுவயல்,
20 ஜூலை 2025

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பக்ரீத்துக்கு நீ வந்து என்னோடு பொட்டலில் நடந்துவிட்டுப் போனதில் இருந்து எனக்கு நடையே மாறிவிட்டது. கீழே பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன். போன வாரம் ரேஷன் கடை வாசலில் ஒருவர், "என்ன பாய், எதத் தொலைச்சீக?" என்றார்.

ஜூலை 4: 9. ஜூலை 11: 11. ஜூலை 18: 0. அந்தப் பூஜ்யத்தைப் போட எனக்கு மனசே வரவில்லை. பத்தாம் வகுப்பில் எனக்கும் அதற்கும் பழைய பகை உண்டு. ஆனால் அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது, உண்மையாகவே ஒன்றும் தென்படவில்லை.

புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். நாம் பக்கத்தில் போனால் அது உடனே குதிக்காது. தண்டுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்துகொள்கிறது. நான் இங்குட்டு வந்தால் அது அங்குட்டு. நான் அங்குட்டுப் போனால் அது இங்குட்டு. பத்து நிமிஷம் ஒரு புல்லைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பார்த்தவர்கள் எனக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

என் பெயர் எழுதிய தாள் பெங்களூருவில் பெட்டிக்குள் நூறு வருடம் இருக்கும் என்று நீ சொன்னாய் அல்லவா? அதை நினைத்தால் தனியாக இருக்கும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. என் ரேஷன் கார்டுக்கு அந்த ஆயுள் கிடையாது.

சலூனில் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். பட்டும் படாமல் ஒரு வார்த்தை சொன்னேன். கவலைப்படாதே.

அத்தா


புதுவயல்,
7 செப்டம்பர் 2025

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே அனைவரும் நலம். பொட்டலும் நலம்.

ஆகஸ்ட் 15: 14. ஆகஸ்ட் 22: 13. ஆகஸ்ட் 29: 14. செப்டம்பர் 5: 14.

இத்துடன் நான்கு வெட்டுக்கிளிகள், மேற்படி பொட்டலில் பிடித்தவை. நீ மிலாது நபி லீவுக்கு வராமல் இருந்ததே நல்லது. வெயில் கடுமை. நவம்பர் வரை அலைய வேண்டாம்.

அத்தா


பெங்களூரு,
5 அக்டோபர் 2025

அத்தா,

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். குரலைக் கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். எழுதுங்கள்.

பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிற கட்டுரையில் சேர்ப்பதற்காகப் பொட்டலின் சாட்டிலைட் படத்தை எடுத்தேன். ஐந்து நாளைக்கு ஒன்று கிடைக்கும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வரை பழுப்பும் பச்சையுமாக இருக்கிறது. பதினான்காம் தேதி முழுக்கச் செம்மண். செப்டம்பரில் அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள். படம் மாறிவிட்டது என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு பள்ளத்தூரில் என்னோடு படித்த சத்தியப்பிரியாவுக்குப் போன் போட்டு, ஸ்கூட்டியில் போய்ப் பார்க்கச் சொன்னேன். கல் நட்டு நம்பர் எழுதியிருக்கிறது என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஒங்க அத்தாதானே உழுதாக? ஒனக்குத் தெரியாதாடி?"

இல்லை. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆகஸ்ட் 15 அன்று பதினான்கு என்பதுதான்.

நிலம் விற்பனைக்குப் போவதை உங்களால் தடுத்திருக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினான்கு? செம்மண்ணில் நின்று எதை எண்ணினீர்கள்? பதினான்கு பதினான்காகப் போட்டால் சந்தேகம் வரும் என்று நடுவில் ஒரு பதின்மூன்று வேறு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை யோசித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு பூச்சிகள் எங்கே பிடித்தவை?

மேடம் கேட்டபோதெல்லாம், "என் அத்தா சொன்னால் நான் பார்த்த மாதிரி" என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம்கூடச் சொன்னேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தேதியோடு. ஜோக் இல்லாமல்.

ஷாஜியா


புதுவயல்,
12 அக்டோபர் 2025

ஷாஜியா தாயி,

ஜோக் இல்லாமல் எழுதச் சொன்னாய். அது இல்லாவிட்டால் என்னிடம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 13, ஞாயிறு. சலூன். முகம் முழுக்க நுரை. பக்கத்தில் ஒருவர், உங்க மகள் இன்னும் படிக்கிறாளா, கல்யாணம் எப்போது, என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "எம் மக படிப்பு என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா? அந்த ஊசிப்புல் பொட்டல் இருக்குல்ல, அதுல இனி ஒருத்தன் கை வைக்க முடியாது. எம் மக ஒரு கையெழுத்துப் போட்டா கவர்மெண்டே வந்து வேலி போடும்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அழகுசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. பொட்டல் அவருடையது என்பது நுரையைத் துடைத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இதைத்தான் உனக்குப் பட்டும் படாமல் ஒரு வார்த்தை என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. என் முதலாளி வீரணன் போன் செய்தார். "அண்ணே, நாளைக்குப் பொட்டலுக்கு வண்டி. அழகுசுந்தரம் அவசரப்படுறாரு. நீங்க வராட்டி ஜேசிபி வந்துரும்ணே." நான் ஓட்டினால் ஓரத்திலாவது கொஞ்சம் விட்டு ஓட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். இரண்டு முறை எடுத்தேன். "யார் சொன்னது அவருக்கு?" என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்து வைத்துவிட்டேன். இதுதான் உண்மை. ஓரத்தில் விடுவதெல்லாம் அப்புறம் கண்டுபிடித்த காரணம்.

ஆகஸ்ட் 11. விடியற்காலை சுபுஹு தொழுததும் கிளம்பி, உன் அம்மா ஜன்னலில் கட்டியிருந்த கொசுவலையைக் கழற்றிக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். வேலை தொடங்குவதற்குள் இருபத்து மூன்று பிடித்தேன். கொண்டுபோய் நம் பள்ளிவாசலுக்குப் பின்னால் கபர்ஸ்தானில் விட்டேன். அங்கே வருடத்துக்கு ஒரு முறைதான் புல் வெட்டுவார்கள். இப்படிச் செய்யக் கூடாது என்று நீ எழுதியிருந்தது தெரியும். சாகட்டும் என்று விட மனசு வரவில்லை. உனக்கு அனுப்பிய நான்கும் அங்கே பிடித்தவை.

அப்புறம் உழுதேன்.

இத்தனை வருடமாகக் கலப்பை இறங்கினால் கொக்குகள் பின்னால் வரும். அவை வந்தால் எனக்கு ராஜா மாதிரி இருக்கும், பரிவாரம் வருகிறது என்று வீரணனிடம் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்கு முதல் சாலிலேயே நாற்பது ஐம்பது வந்துவிட்டன. மண்ணுக்குள் அது முட்டையைக் கூடு மாதிரி வைக்கும் என்று பக்ரீத் அன்று நீதானே காட்டினாய். கொக்குகள் எதைக் கொத்துகின்றன என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

மேற்கு எல்லையோரம் ஒரு முழ அகலத்துக்குக் கலப்பையைத் தூக்கிவிட்டு ஓட்டினேன். அழகுசுந்தரம் பார்த்துவிட்டு, "என்ன பாய், ஓரத்துல விட்டுட்டுப் போறீக? தூக்கக் கலக்கமா?" என்றார். கல்லு கிடக்கு, கொழு ஒடிஞ்சிரும் என்றேன். டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: "ரெண்டு வருசம் கழிச்சுத்தான் பிளாட்டுப் போடணுமின்டு இருந்தேன் பாய். நீங்கதானே கவர்மெண்டு வேலி போடுமின்டீக? அதான் முந்திக்கிட்டேன். நல்ல நேரத்துல சொன்னீக."

நல்ல நேரத்தில் சொன்னேனாம்.

பதினான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். நீயும் நானும் பக்ரீத்துக்கு மறுநாள் சேர்ந்து எண்ணினோமே, அன்றைக்குப் பதினான்கு. ஒவ்வொரு வெள்ளியும் தாளை எடுத்து உட்கார்ந்தால் அந்த எண்தான் வந்தது. பதின்மூன்றைப் பற்றி நீ சொன்னது சரிதான். உன்னை ஏமாற்றத்தான் போட்டேன்.

அத்தா


பெங்களூரு,
26 அக்டோபர் 2025

அத்தா,

படித்தேன். மேடத்திடமும் கொடுத்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரண்டு வருட வேலையில் என்ன மிஞ்சும் என்று இன்னும் தெரியாது. ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் போகிறது.

கபர்ஸ்தானைப் பற்றி நீங்கள் ஏதோ நல்லது செய்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இறக்கை இல்லாத பூச்சி. சுற்றுவட்டாரத்தில் நான் முதலில் தேடுவதாக இருந்த இடமே அந்தக் கபர்ஸ்தான்தான். அங்கே அது முன்பே இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இருந்தால் நீங்கள் விட்டதா, தானாக இருந்ததா? தெரியவில்லை என்று எழுதுவதற்கும், தெரிந்துகொள்ளவே வழி இல்லாமல் செய்துவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே போகாதீர்கள். எண்ணாதீர்கள். பிடிக்காதீர்கள்.

இடையில் நீங்கள் அனுப்பியவற்றையும் சேர்த்து, உங்கள் பெயரில் இங்கே நாற்பத்தொரு தாள்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், "இட விவரம் நம்பத்தக்கதல்ல" என்று சிவப்பு மையில் எழுதினேன். மேடம் வேறு யாரையாவது எழுதச் சொல்கிறேன் என்றார். நானே எழுதினேன். ஜனவரித் தாள்களிலும் எழுதினேன். ஏனென்றால் எது உண்மை, எது இல்லை என்று எனக்கு இப்போது தெரியாது. முதல் கடிதத்தில் ஒரு மணி நேரம் பார்த்தேன் என்று எழுதினீர்களே. அதாவது உண்மையா?

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். இதற்குப் பதில் வேண்டாம்.

ஷாஜியா


புதுவயல்,
7 டிசம்பர் 2025

ஷாஜியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, பதிவு.

முதலில் ஒரு திருத்தம். ஜனவரியில் பார்த்தது உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் இல்லை. முக்கால் மணி நேரம். மில்லில் இருந்து ஹாரன் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள். கண் கலங்கியதும் கொஞ்சம்தான்.

நான் சலூன் மாற்றவில்லை. அங்கேதான் போகிறேன். போன மாதம் அழகுசுந்தரம் இருக்கும்போதே, "எம் மக வேலயக் கெடுத்தது நாந்தான்" என்று சொன்னேன். ஜோக் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். என் பிழைப்பு அப்படி ஆகிவிட்டது.

கபர்ஸ்தான் பக்கம் பூச்சிக்காகப் போகவில்லை. ஒரு ஜனாஸா அடக்கத்துக்கு மட்டும் போனேன். கீழே பார்க்கவில்லை.

மேற்கு எல்லையில் நான் விட்ட ஒரு முழத்துப் புல் இன்னும் இருக்கிறது. மழைக்கு முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. பழைய பாதையில் பனைமரத்தில் இருந்து நடந்து, கடைசியில் அந்த ஓரத்தையும் பார்க்கிறேன். ஜும்மா முடிந்து, நீ சொன்ன அதே நேரம்.

அக்டோபர் 31: 0
நவம்பர் 7: 0
நவம்பர் 14: 0
நவம்பர் 21: 0 (மழை, பாதித் தூரம்தான் நடந்தேன்)
நவம்பர் 28: 0

டிசம்பர் 5 அன்று பதினேழாம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில், ஓரத்துப் புல்லில் ஒன்று குதித்தது. சீரகம் அளவுதான் இருக்கும். பச்சை. குனிந்து பார்த்தேன். தண்டுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்தது. நான் இங்குட்டு வந்தேன், அது அங்குட்டுப் போனது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அப்போதே உனக்குப் போன் போட்டிருப்பேன். ஜூலை மாதத்து ஜெய்னுலாபுதீனாக இருந்தால் "நம்மாள்தான்!" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருப்பான்.

ஆனால் ரோஸ் கோடு இருந்ததா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு சின்னதில் முதுகில் மொட்டு வருமா வராதா என்றும் சொல்ல முடியாது. எல்லா வகைக் குஞ்சும் அந்த வயதில் இறக்கை இல்லாமல்தான் இருக்கும். தண்டைச் சுற்றி ஒளிவதை வேறு வெட்டுக்கிளிகளும் செய்யலாம். நான் பிடிக்கவில்லை, தொடவில்லை. பதினான்கு நிமிஷம் பார்த்தேன். பதினான்கு என்று எழுதும்போது கை கூசியது. ஆனால் கடிகாரத்தில் அதுதான் இருந்தது.

அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 5: 1. என்ன இனம்: தெரியவில்லை.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இடம், தேதி, நேரம் மூன்றையும் நிரப்பிவிட்டேன். எதையும் காலியாக விடக் கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. பெயர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அத்தா